அரக்கும் அவுரியும் மின்னணுப் பொருளாகும் காலம்: வணிகர்களுக்கு ஒரு பாடம்



பெயரில் ‘இயற்கை’ என்ற சொல் சேர்ந்தவுடன் ஒரு சரக்குக்கு நம் சந்தையில் தனி மதிப்பு வந்துவிடுகிறது. சோப்பு முதல் பை வரை எல்லாவற்றிலும் இச்சொல் ஏறிவிட்டது. அடுத்து இது மின்னணு லேபிள்களிலும் ஏறப் போகிறது. மக்கும் லேபிள், இயற்கை மையால் அச்சிட்ட மின்சுற்று, காகிதத்தில் செய்த பேட்டரி ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் வருகின்றன. இவற்றில் எது உண்மை, எது இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது, நம் திருத்தணி வட்டாரத்து மளிகை, மொத்த வணிகர்களுக்கு இதில் என்ன லாபம், என்ன ஆபத்து என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். இதில் பேசப்படும் சரக்குகளான அரக்கு, அவுரி நீலம், கரி, காகிதம் ஆகியவை நமக்குப் புதியவை அல்ல. இவற்றை நம் முன்னோர் பல தலைமுறைகளாக வாங்கி விற்றிருக்கிறார்கள்.

1. மின்சுற்றை அச்சிடுவது என்றால் என்ன?

நம் சரக்கு வண்டிகளின் முன்கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இது கட்டாயம். அதற்குள் பேட்டரி கிடையாது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் உலோகத்தால் ஆன ஆண்டெனா, நடுவில் கடுகைவிடச் சிறிய சிலிக்கன் சில்லு ஆகியவைதான் இருக்கின்றன. சாவடியில் உள்ள கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே ஆண்டெனா மின்சாரத்தைப் பெற்றுச் சில்லுக்குக் கொடுக்கிறது. சில்லு தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. பெரிய நகரக் கடைகளில் துணிகளிலும் பெட்டிகளிலும் ஒட்டப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. லேபிள்களும் இதே வகைதான்.

இவ்வகை உலோகக் கோடுகளைப் பொதுவாக எப்படி உருவாக்குகிறார்கள்? தாள் முழுவதும் உலோகப் படலத்தை ஒட்டி, வேண்டாத பகுதியை அமிலத்தால் அரித்து எடுக்கிறார்கள். தோசைக்கல் அளவு தகட்டை வாங்கி, மோதிரம் அளவு வெட்டிக்கொண்டு மீதியைக் கரைப்பது போன்ற வேலை இது. இதற்கு மாறாக, வேண்டிய இடத்தில் மட்டும் மின்சாரம் ஓடும் மையை அச்சிட்டால் பொருள் மிச்சமாகும். நம் ஊரில் மஞ்சப்பையில் கடைப் பெயர் போடும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையே இதற்குப் போதும். அப்படி அச்சிட்ட சுற்று காகிதத்தோடு வளையும், சுருளும். அதனால்தான் இதை நெகிழ் மின்னணுவியல் என்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் இதற்கென ஒரு தேசிய மையமே இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாகப் பயன்படும் மை வெள்ளிப் பொடியால் ஆனது. தாங்கும் தாளோ பிளாஸ்டிக். ஒருமுறை பயன்படுத்திக் குப்பையில் போடும் லேபிளுக்கு வெள்ளியும் பிளாஸ்டிக்கும் ஏன் என்ற கேள்வி எழுந்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு மட்டுமே. இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள்தான் அரக்கிடமும் அவுரியிடமும் வந்து சேர்ந்தார்கள்.

2. அரக்கு மை

அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி பலாசு, இலந்தை, குசும் முதலிய மரங்களின் கிளைகளில் சுரக்கும் பிசின். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களின் காட்டோர மக்களுக்கு இது வருமானம். ராஞ்சியை அடுத்த நாம்கூமில் 1924-லேயே அரக்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பார்சலுக்கு முத்திரை, மரச்சாமானுக்குப் பாலிஷ், மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பளபளப்புப் பூச்சு என்று அரக்கின் பயன்கள் பல. பழைய கிராமபோன் இசைத்தட்டும் அரக்கினால் ஆனதுதான். வினைல் வந்த பிறகு அந்தப் பெரிய சந்தை கையை விட்டுப் போயிற்று.

சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தார் 2021-ல் அரக்கைக் கொண்டு மின்சாரம் ஓடும் மை ஒன்றைச் செய்து வெளியிட்டார்கள். செய்முறையின் கருத்து எளிது. அரக்கு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அது ஆல்கஹாலில் கரையும். பிரெஞ்சு பாலிஷ் போடும் எந்தத் தச்சருக்கும் இது தெரியும். அப்படிக் கரைத்ததில் பென்சிலில் உள்ள கிராஃபைட்டின் செதில்களையும், புகைக்கரி போன்ற மிக நுண்ணிய கரிப்பொடியையும் சேர்க்கிறார்கள். அச்சிட்டபின் ஆல்கஹால் ஆவியாகிவிடும். அரக்கு பசையாக நின்று கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தும். பெரிய செதில்களுக்கு இடையே உள்ள சந்துகளை நுண்கரி நிரப்புவதால் மின்சாரத்துக்கு வழி கிடைக்கிறது. உலர்ந்தபின் அரக்கு ஈரத்தையும் ஓரளவு தாங்கும்.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். கரி மை, செம்பைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே சுங்கச்சாவடிக் கருவிக்குத் தூரத்திலிருந்து பதில் சொல்லும் ஆண்டெனாவுக்கு இது உலோகத்துக்கு நிகர் ஆகாது. வெப்பம், ஈரம் மாறும்போது கரி மையின் மின்தடை மாறும். அதை அளந்து சரக்கின் நிலையை அறியும் உணர்கருவிகளுக்கும், குறைந்த மின்சாரம் போதும் சிறு சுற்றுகளுக்கும் இது பொருந்தும்.

அதே நிறுவனத்தார் 2022-ல் ஒரு காகித பேட்டரியையும் காட்டினார்கள். உப்பு தோய்ந்து உலர்ந்த காகிதம், அதன் ஒரு பக்கம் கிராஃபைட் மை, மறுபக்கம் துத்தநாகப் பொடி மை. அளவு ஒரு சதுர சென்டிமீட்டர். உலர்ந்திருக்கும்வரை வேலை செய்யாது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்புக் கரைந்து, 20 விநாடிக்குள் 1.2 வோல்ட் கிடைத்தது. நாம் விற்கும் பென்சில் பேட்டரி 1.5 வோல்ட் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டு காகித பேட்டரிகளைச் சேர்த்து ஒரு அலாரக் கடிகாரத்தை ஓட்டிக் காட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் காகிதம் உலர உலரச் சக்தி வெகுவாகக் குறைந்தது. ஆகவே நம் டார்ச்சு விளக்குக்கு இது மாற்று அன்று. ஒருமுறை உழைத்து ஓயும் லேபிளுக்கே இது ஏற்றது.

3. அவுரி நீலம்

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தார் 2012-ல் அவுரி நீலத்தை வைத்து டிரான்சிஸ்டர் செய்தார்கள். தண்ணீருக்குக் குழாய்த் திருகு எப்படியோ, அப்படி மின்சாரத்துக்கு டிரான்சிஸ்டர். நீலம் நேர், எதிர் ஆகிய இரண்டு வகை மின்னூட்டங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் நகரவிட்டது, காற்றிலும் எளிதில் கெடவில்லை. அடுத்த ஆண்டே அரக்கைத் தாங்கு தளமாகவும் மின்காப்பாகவும் வைத்து டிரான்சிஸ்டர்கள் செய்த ஆய்வும் வெளிவந்தது.

ஆனால் நீலத்தை மையாக அச்சிடுவது எளிதன்று. நீலம் தண்ணீரில் கரையாது. சாயத்தொழில் செய்வோர் நீலத்தொட்டியில் அதை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கரைய வைத்து, துணி காற்றுப் பட்டதும் மீண்டும் நீலமாக்குவார்கள். லின்ஸ் ஆய்வில் வெற்றிடத்தில் நீலத்தைச் சூடாக்கி ஆவியாகப் படிய வைத்தார்கள். அச்சுக்கு வேண்டுமானால், கரையும் தன்மை தரும் ஒரு வேதித்துணையைச் சேர்த்து, அச்சிட்டபின் சூட்டில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

இன்னொன்றும் வணிகர் அறிய வேண்டும். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலக்கட்டி அவுரி நீலம் அன்று. அது வேறு கனிமச் சாயம். நாட்டு மருந்துக் கடையில் தலைச்சாயத்துக்கு விற்கும் அவுரிப் பொடியும் இலையை அரைத்தது, பிரித்தெடுத்த நீலம் அன்று. திண்டிவனம், விழுப்புரம் பக்கமும் ஆந்திரத்தின் கடப்பைப் பக்கமும் அவுரி பயிராகிறது. இலையை ஊறவைத்து, அந்த நீரை அடித்துக் காற்றூட்டி, அடியில் படியும் வண்டலைக் கட்டியாக்குவதுதான் சாய நீலம். அந்தக் கட்டியிலும் உண்மையான நீலத்தின் பங்கு தயாரிப்புக்கேற்ப வெகுவாக மாறும். பெயர் ஒன்று, சரக்கு மூன்று. இந்த வேறுபாடு தெரியாமல் கொள்முதல் செய்தால் நஷ்டம் நமக்கே.

4. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

“மின்னணுத் தொழிலுக்கு இயற்கை மூலப்பொருள் வேண்டும், இப்போதே வாங்கி அடுக்குங்கள்” என்று யாராவது வந்தால் என்ன செய்வது? முதலில் கணக்குப் போட வேண்டும்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு தடிமனில் நீலம் படிவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆகும் நீலம் ஏறத்தாழ 14 மைக்ரோகிராம். ஒரு கிராமில் 70,000 லேபிள். ஒரு கிலோவில் சுமார் 7 கோடி லேபிள். நாடு முழுவதற்கும் லேபிள் அச்சிட்டாலும் சில மூட்டை நீலம் போதும்.

அரக்கு மை இதைவிட நூறு மடங்கு தடிமனாக விழும் என்று கொண்டாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.4 மில்லிகிராம்தான் ஆகும். அதிலும் கரி போக மீதிதான் அரக்கு. உலர்ந்த மை ஒரு கிலோவில் ஏழு லட்சம் லேபிள். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரணக் காகிதமோ, அதே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 மில்லிகிராம்.

எடையில் பெரும்பங்கு காகிதத்துக்கே என்பது இதிலிருந்து தெரிகிறது. காகிதம் என்றாலும் மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1979-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துக் காகிதம் செய்து வருகிறது. ஆனால் மின்சுற்று அச்சிடும் காகிதம் மிக வழவழப்பாக இருக்க வேண்டும். மேடுபள்ளம் இருந்தால் மைக்கோடு அறுந்துபோகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2015-ல் மரநாரை மிக நுண்ணிய இழைகளாக்கிச் செய்த தாளின்மேல் மின்னணுச் சில்லைச் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே இந்தத் தொழிலில் பணம் மூட்டையில் இல்லை, தரத்தில் இருக்கிறது. எந்த மாதம் வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கும் அரக்கு, அழுக்கு நீக்கிய நீலம், வழவழப்பான தாள் ஆகியவற்றைக் கொடுப்பவருக்கே விலை கிடைக்கும். அரக்கு வாங்கி வைப்போருக்கு ஒரு குறிப்பு: அரக்குச் செதில்கள் நம் ஊர் சித்திரை வெயிலில் ஒட்டிக் கட்டியாகும். வெகுநாள் கிடந்தால் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. சும்மா இருந்தாலும் தரம் குறையும் சரக்கு அது.

5. 1897 தரும் பாடம்

வங்காளத்திலும் பிகாரிலும் அவுரி பயிரிட்ட உழவர் பட்ட துன்பம் பெரிது. 1859-60-ல் வங்காள உழவர்கள் கிளர்ந்தார்கள். 1917-ல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றார். இந்த இரண்டுக்கும் நடுவே, 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை மலிவு, எந்தப் பீப்பாயைத் திறந்தாலும் ஒரே தரம். 1914-ல் போர் தொடங்கும் முன்பே இந்திய அவுரி வணிகத்தின் பெரும்பகுதி சரிந்துவிட்டது.

இதில் இன்றைக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. செடியிலிருந்து எடுத்தாலும் ஆலையில் செய்தாலும் நீலத்தின் மூலக்கூறு ஒன்றே. டிரான்சிஸ்டருக்கு எது என்று தெரியாது. எனவே நீலம் மின்னணுப் பொருளானால் அவுரி உழவருக்கு லாபம் என்று உடனே முடிவு கட்ட முடியாது. சுத்தமான சரக்கை மலிவாகக் கொடுக்கும் ஆலைக்கே அந்தச் சந்தை போகக்கூடும். அரக்கு அப்படியன்று. அதைச் சுரக்கப் பூச்சியும் மரமும் வேண்டும். இந்தியாவுக்கு உண்மையான பிடி இருக்கிறது என்றால் அது அரக்கில்தான். அதையும் செதிலாக மட்டும் ஏற்றுமதி செய்துவிட்டு, மையாக இறக்குமதி செய்தால், 1897-ன் நஷ்டத்தை வேறு உருவத்தில் நாமே வாங்கிக்கொள்கிறோம்.

6. நம் கடைக்கு இது தேவையா?

ஒரு லேபிளுக்கு 3 ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். 20 ரூபாய்ப் பொட்டலத்தில் நமக்கு நிற்பது 2 ரூபாய் என்றால், லேபிள் ஒட்டினால் கைக்காசு ஒரு ரூபாய் போகும். அதே லேபிளைப் பல ஆயிரம் ரூபாய் பெறும் வெண்ணெய்ப் பெட்டியின்மேல் ஒட்டி, வழியில் அது உருகியதா என்று அறிய முடியுமானால் 3 ரூபாய் பெரிதன்று. ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்திலும், டிசம்பர் 31 படித்திருவிழா இரவிலும் நம் ஊரில் ஒரே நாளில் எவ்வளவு பால் பொருள் இறங்குகிறது என்பதை நாம் அறிவோம். ஆகவே லேபிளைப் பொட்டலத்துக்கு அல்ல, பெட்டிக்கு என்று எண்ண வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மின்னணு வேண்டும் என்பதும் இல்லை. போலியோ சொட்டுமருந்துக் குப்பிகளில் 1996 முதல் ஒரு சிறு வெப்பக் குறி ஒட்டப்பட்டு வருகிறது. வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் சூட்டில் மெல்ல மெல்லக் கருக்கும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. பேட்டரியும் இல்லை, படிக்கவும் வேண்டாம். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது என்றாலும், நம் கல்லாவில் இன்றும் தமிழும் தெலுங்கும் புழங்குகின்றன. இரு மொழியாருக்கும் ஒரே நிறம் ஒரே செய்தியைச் சொல்லும் என்பது பெரிய வசதி. மலிவான நிறக்குறி போதுமான இடத்தில் மின்சுற்றுக்குப் பணம் கொடுப்பது வீண்.

7. வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

தமிழ்நாடு அரசு 2018-ல் ஆணை பிறப்பித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் கோப்பையும் இருந்தது. பார்வைக்குக் காகிதம், உள்ளே பூச்சு பிளாஸ்டிக். அப்படிப்பட்ட சரக்கை நம்பி வாங்கினால் தேங்குவது நம் சரக்கறையில், அபராதம் விழுவது நம் கல்லாவில். மின்னணு லேபிளிலும் இந்த நிலை வரக்கூடாது என்றால் கீழ்க்கண்டவற்றைக் கேட்க வேண்டும்.

(அ) எந்தப் பகுதி இயற்கை? தாளா, மையா, பசையா, சில்லா? மை அரக்காகவும் சில்லு சிலிக்கனாகவும் இருக்கலாம். அப்போது முழு லேபிளும் மக்கும் என்று சொல்லக் கூடாது.

(ஆ) எங்கே, எத்தனை நாளில் மக்கும்? உரக்கிடங்கின் சூட்டில் மக்குவது வேறு, சாக்கடையில் மக்குவது வேறு.

(இ) சான்று எங்கே? 2016-ம் ஆண்டுப் பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி, மக்கும் பிளாஸ்டிக் பொருளை விற்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். சான்றின் நகல் இல்லாமல் வாய்வார்த்தையை நம்பக் கூடாது.

(ஈ) நம் வெயிலிலும் மழையிலும் எத்தனை நாள் தாங்கும்? குளிர்நாட்டில் தாங்கியது இங்கே தாங்க வேண்டும் என்பதில்லை. பத்து லேபிளை வாங்கி வண்டியிலும், கிடங்கிலும், குளிர்பெட்டியிலும் ஒட்டிப் பார்த்தபின் ஆர்டர் கொடுக்கலாம்.

(உ) பில்லில் என்ன எழுதியிருக்கிறது? ‘இயற்கை லேபிள்’ என்ற பெயர் மட்டும் இருந்தால் பிறகு வழக்காட இடமில்லை. என்ன பொருள், என்ன சான்று எண் என்று பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

சுருக்கம்

அரக்கு மையும், அவுரி டிரான்சிஸ்டரும், காகித பேட்டரியும் ஆய்வில் செய்து காட்டப்பட்ட உண்மைகள். அவற்றைப் பொய் என்று தள்ள வேண்டாம். நம் கைக்கு வரும் லேபிள்களில் இன்று இருப்பவை பெரும்பாலும் உலோகமும் சிலிக்கனும் பிளாஸ்டிக்கும்தான். ஆகவே ஆய்வுச் செய்தியைக் காட்டிச் சரக்கு விற்க வருபவரிடம் ஏமாறவும் வேண்டாம். அரக்கு, சாயம், காகிதம் ஆகிய தொழில்களில் இருக்கும் உறுப்பினர்கள் தங்கள் சரக்கை இப்போதிருந்தே தரம் பிரித்து, எந்த ஊர், எந்தப் பருவம், எவ்வளவு சுத்தம் என்று எழுதி வைக்கப் பழக வேண்டும். மற்ற உறுப்பினர்கள் மேற்சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொள்முதல் பேரேட்டோடு வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.